சாந்தாந்தேரில் பெரேதாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

ஸ்பெயின் நாட்டு வட்டார நாவலாசிரியர் ஹோசே மரியா தே பெரேதாவுக்குச் சாந்தாந்தேர் நகரில் 1911-ல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தின் படத்தைச் சென்ற இதழில் நாலு வரிக் குறிப்போடு வெளியிட்டிருந்தோம். தாமிரபரணிக் கரையிலிருந்தும் கரிசல் பக்கமிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கி.ரா.வைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஸ்பெயினில் பார்க்க எவ்வளவோ இருக்கும்போது, பேரே கேள்விப்படாத ஒருவரின் சிலையைத் தேடி ஏன் போக வேண்டும்? போனால் எதைப் பார்க்க வேண்டும்?
– கல்லூரி ஆசிரியை, பாளையங்கோட்டை

கி.ரா.வைப் படித்தவர்கள்தான் முதலில் போக வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பெரேதா 1833-ல் பொலாங்கோ என்ற கிராமத்தில் பிறந்து 1906-ல் சாந்தாந்தேரில் காலமானவர். வடக்கு ஸ்பெயினின் காந்தாபிரியா வட்டாரம் அவருடைய மண். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் செங்குத்து மலை. 1864-ல் வந்த முதல் தொகுப்பிலிருந்தே அந்த மீனவர்களையும் மாடு மேய்க்கிறவர்களையும் அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். மாட்ரிட் நகரத்தை வைத்தும் எழுதியிருக்கிறார். ஆனால் சொந்த மண்ணில் கால் ஊன்றும்போதுதான் அவர் எழுத்துக்கு உயிர் வருகிறது.

நினைவுச் சின்னத்தைச் செய்தவர் லொரென்சோ கூயோ வலேரா. மாட்ரிட்டில் நாவலாசிரியர் செர்வாந்தெஸின் நினைவுச் சின்னத்தில் அவருடைய கதாபாத்திரங்களான டான் கிகோத்தேவையும் சாஞ்சோவையும் வடித்தவரும் இவரே. பெரேதாவுக்கு வழக்கமான சதுரப் பீடம் வைக்காமல் ஒரு பாறைக் குன்றையே பீடமாக்கினார். உச்சியில் எழுத்தாளர், பாறையைச் சுற்றி அவருடைய ஐந்து படைப்புகளின் காட்சிகள் வெண்கலத்தில். பெரும்பாலானவர்கள் உச்சியை அண்ணாந்து பார்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு ரெண்டு நிமிஷத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். அது வந்த காரியத்தில் பாதியைக்கூட முடிக்காமல் திரும்புவது. பாறையை ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்து, பிறகு ஒவ்வொரு காட்சி முன்னாலும் நின்று பாருங்கள். கதை தெரிந்தால்தான் காட்சி பேசும். அதற்காக ஐந்தையும் சுருக்கிச் சொல்கிறோம்.

'லா லேவா' முதல் தொகுப்பில் உள்ள சிறிய சித்திரம். கடற்படைக்குக் கட்டாய ஆள்பிடிப்பு வந்து, மீனவக் குடும்பத்திலிருந்து ஆண்மகனைக் கூட்டிக்கொண்டு போகிறது. பிரிகிற இடம்தான் முக்கியம்.

'சோத்திலேசா' 1885-ல் வந்தது. பலர் இதையே அவருடைய தலைசிறந்த நாவல் என்பார்கள். தாய் தகப்பன் இல்லாத சில்தா என்ற பெண்ணை வயதான மீனவத் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். அவளைச் சுற்றி மூன்று பையன்கள்: கப்பல் தலைவரின் மகன் ஆந்திரேஸ், வசவுக்குப் பேர்போன குடும்பத்தில் பிறந்த கிளேத்தோ, ஊரே ஒதுக்குகிற முவெர்கோ. மேல்தெரு மீனவர் சங்கத்துக்கும் கீழ்த்தெரு மீனவர் சங்கத்துக்கும் தீராத போட்டி, நடுவில் ஒரு படகுப் பந்தயம், கடைசியில் திடீரென்று எழும்பி ஆளை விழுங்குகிற வடமேற்குப் புயல். உவரியிலும் மணப்பாட்டிலும் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு வரிக்குக்கூட உரை தேவைப்படாது.

'எல் சபோர் தே லா தியெருகா' (1882) பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் ரெண்டின் பகையையும், மக்காச்சோளக் காட்டையும், தென்காற்றையும் சொல்வது. 'லா புச்சேரா' (1889) கழிமுகத்தில் தண்ணீர் வற்றும்போது சேற்றில் இறங்கி வயிறு கழுவுகிறவர்களையும், பணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒரு கருமியையும் பற்றியது. 'பேன்யாஸ் அரீபா' (1895) மலை நாவல். மாட்ரிட்டில் சொகுசாக இருந்த மார்செலோ, சாகக் கிடக்கிற பெரியப்பாவின் அழைப்பை ஏற்றுப் பனிமலைக் கிராமத்துக்குப் போகிறான். ஊரின் பொறுப்பு மெள்ள அவன் தோளில் வந்து உட்காருகிறது. இதை எழுதிக்கொண்டிருந்த 1893-ல் பெரேதாவின் மூத்த மகன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். கையெழுத்துப் பிரதியில் அந்த இடத்தில் ஒரு சிலுவையும் தேதியும் குறித்துவிட்டு, பிறகுதான் மேலே எழுதினார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெரேதா பழமைவாதி. பண்ணையாரும் பாதிரியாரும் ஊரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நம்பியவர். அதை மறைத்துப் படிக்கத் தேவையில்லை. அவருடைய நெருங்கிய நண்பரான நாவலாசிரியர் பெனித்தோ பெரெஸ் கால்தோஸ் அரசியலில் நேர் எதிர்ப்பக்கம். ஆனாலும் 1882 நாவலுக்கு முன்னுரை தந்தார், 1897-ல் பெரேதா ஸ்பானிய மொழிக் கழகத்தில் அமர்ந்தபோது வரவேற்புரையும் ஆற்றினார்.

அண்ணாச்சி, நான் சரக்குக் கப்பலில் வேலை. எங்கள் கப்பல் சாந்தாந்தேருக்குப் போகும். ஐந்தாறு மணி நேரம் கரையிறங்கக் கிடைக்கும். விசா இல்லாமல் இறங்கலாமா? அந்த நேரத்தில் என்னென்ன பார்க்கலாம்?
– கப்பல் பணியாளர், உவரி

இறங்கலாம் தம்பி. ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று சேர்ந்த ஐரோப்பிய நாடுகள்) எல்லை விதிகளின்படி, அதிகாரிகளிடம் முன்கூட்டிக் கொடுத்துச் சரிபார்க்கப்பட்ட பணியாளர் பட்டியலில் உன் பேர் இருந்தால், கப்பல் கட்டியிருக்கிற துறைமுகப் பகுதியிலும் அதை ஒட்டிய உள்ளாட்சிப் பகுதிகளிலும் விசா இல்லாமல் நடமாடலாம். கேப்டனிடமும் ஏஜென்ட்டிடமும் கேட்டு உறுதி செய்துகொள். சில நேரம் குறிப்பிட்ட பணியாளருக்குக் காவல்துறை அனுமதி மறுப்பதும் உண்டு. சி.டி.சி. (கப்பல் பணியாளர் பணிப் பதிவேடு), கரையிறங்கும் அனுமதிச் சீட்டு, கப்பல் அடையாள அட்டை மூன்றும் பையில் இருக்க வேண்டும். பெரேதா பிறந்த பொலாங்கோ, சாந்தாந்தேரை ஒட்டிய பகுதி கிடையாது. பக்கம்தானே என்று ரயில் ஏறிவிடாதே. வழியில் சோதனை வந்தால் விசா இல்லாமல் நாட்டுக்குள் இருக்கிற ஆள் என்ற கணக்காகிவிடும்.

சரக்குக் கப்பல்கள் பெரும்பாலும் ராவோஸ் தளத்தில் கட்டும். அங்கிருந்து நகர நடுப்பகுதி மூன்று நாலு கிலோமீட்டர். தளத்துக்குள் கால்நடையாகப் போக விடமாட்டார்கள், வாயில் வரை வண்டி கேட்டுக்கொள். வாயிலில் டாக்சி பிடித்து 'ஹர்தினெஸ் தே பெரேதா' என்று சொல். பெரேதா தோட்டம் என்று அர்த்தம். 'பசேயோ தே பெரேதா' என்றால் தோட்டத்தை ஒட்டி நீளமாக ஓடுகிற கடற்கரைச் சாலை. பாதிப் பேர் இந்தக் குழப்பத்தில் சாலையின் மறுகோடியில் இறங்கிவிட்டு நினைவுச் சின்னத்தைத் தேடுவார்கள். தோட்டத்துக்குள்ளேயே நகராட்சியின் சுற்றுலாத் தகவல் நிலையம் இருக்கிறது. அங்கே இலவச வரைபடம் வாங்கிக்கொள்.

நீ நிற்கிற தோட்டம் ஒரு காலத்தில் கடல். துறையைத் தூர்த்து எடுத்த நிலம். பெரேதா சிறுவயதில் படகும் பையன்களுமாகப் பார்த்த தண்ணீரின் மேலேதான் இப்போது மரங்கள் நிற்கின்றன. நினைவுச் சின்னத்துக்கு முக்கால் மணி நேரம் கொடு. அதே தோட்டத்தில் கோஞ்சா எஸ்பினா என்ற பெண் நாவலாசிரியருக்கும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. 1927-ல் விக்தோரியோ மாச்சோ செய்தது. பெரேதா பாறை கரடுமுரடாக, ஆள் நிறைந்து இருக்கும். இது வடிவத்தைச் சுருக்கி அடக்கமாக இருக்கும். பதினாறு வருஷத்துக்குள் சிற்பக்கலை எவ்வளவு மாறிப்போனது என்பதை அடுத்தடுத்து நின்று பார்க்கலாம்.

தோட்டத்தின் கடல் ஓரத்தில் தூண்களின் மேல் தூக்கி நிறுத்திய பளபளப்பான கட்டடம் சென்த்ரோ போதின் கலை மையம். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்து 2017-ல் திறந்தது. உள்ளே போக நேரமில்லாவிட்டாலும் அதன் வெளிப்படிகளில் ஏறினால் விரிகுடா முழுவதும் தெரியும். அங்கிருந்து கடலை வலப்பக்கம் வைத்துக் கிழக்கே அஞ்சு நிமிஷம் நடந்தால், தண்ணீர் விளிம்பில் நாலு பையன்களின் வெண்கலச் சிலைகள். 'ராக்கேரோஸ்' என்பார்கள். துறையில் திரிந்து, வேடிக்கை பார்க்கிறவர்கள் எறிகிற காசுக்குத் தண்ணீரில் பாய்ந்து எடுத்த ஏழைப் பையன்கள். பெரேதா முதல் தொகுப்பிலேயே அவர்களை எழுதினார். 1999-ல் ஹோசே கோபோ செய்த இந்தச் சிலைகளுக்குப் பீடமும் வேலியும் கிடையாது. பாறைப் பீடத்தில் உள்ள காட்சிகளைவிட இந்தப் பையன்கள் பெரேதாவுக்குச் செய்த மரியாதை பெரிது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

அங்கே நிற்கும்போது தண்ணீர் மட்டத்தைக் கவனி. வெள்ளுவா (பௌர்ணமி) காலத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். நம் தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீட்டர்கூட வராது. காலையில் படிக்கட்டைத் தொட்ட தண்ணீர் மத்தியானம் சேற்றைக் காட்டும். 'லா புச்சேரா'வில் ஆட்கள் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்குவது ஏன் என்று அப்போது புரியும்.

நேரம் மிச்சமிருந்தால், பக்கத்துப் படகுத் துறையிலிருந்து பெத்ரேன்யாவுக்கும் சோமோவுக்கும் பயணிகள் படகு போகிறது. அவை விரிகுடாவின் அக்கரையில் வேறு உள்ளாட்சிகளுக்குள் வருவதால், ஏஜென்ட்டிடம் கேட்காமல் கரையிறங்க வேண்டாம். கேட்க வழியில்லை என்றால் மேற்கே திரும்பி, ஃபெரி முனையம் பக்கமுள்ள காபோ மச்சிச்சாக்கோ நினைவுச் சிலுவையைப் பார். 1893 நவம்பர் 3-ல் அந்தப் பெயருள்ள நீராவிக் கப்பல் தளத்தில் தீப்பிடித்தது. ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. உள்ளே டன் கணக்கில் டைனமைட் இருப்பது கூட்டத்துக்குத் தெரியாது. வெடித்ததில் செத்தவர்கள் சுமார் 590 பேர். 1896-ல் வந்த 'பாச்சின் கொன்சாலெஸ்' அந்த நாளைப் பற்றிய கதை. பெரேதாவின் கடைசிப் படைப்பு. சரக்கு அறிவிப்பில் உண்மையை மறைத்தால் என்ன ஆகும் என்பது கப்பலில் வேலை பார்க்கிற உனக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மகன் ஜெர்மனியில் இருக்கிறான். கோடையில் நானும் வீட்டுக்காரியும் போகிறோம். ஜெர்மனி விசாவில் சாந்தாந்தேர் போய்வர முடியுமா? மழை எப்படி?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

முடியும் ஐயா. ஷெங்கன் விசா ஒன்றே போதும். விண்ணப்பிக்கும்போது அதிக நாள் தங்கப்போகிற நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் விதி. மகன் வீட்டில் ஒன்றரை மாதம், ஸ்பெயினில் நாலு நாள் என்றால் ஜெர்மனிதான் சரி. பயணத் திட்டத்தில் ஸ்பெயின் நாட்களையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லுபடியாக வேண்டும். ஜெர்மனிக்கு மட்டும் என்று எடுத்த காப்பீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பி வருகிற தேதிக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாகிறதாகவும், ரெண்டு பக்கமாவது காலியாகவும் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாலும் 45 நாள் வரை இழுக்கலாம். விரல்ரேகைக்கு நேரில் போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். ஆனால் அன்று காலை முதல் நேரத்தையே முன்பதிவு செய்யாதீர்கள். வண்டி தாமதமானால் சந்திப்பு போய்விடும். பத்தரை, பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பெரிய தவறு நடக்கிற இடம் ஒன்று உண்டு. சாந்தாந்தேரிலிருந்து இங்கிலாந்துக்கு ஃபெரி போகிறது, நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்திலேயே முனையம். ஆசையாகத்தான் இருக்கும். இங்கிலாந்துக்குத் தனி விசா வேண்டும். அது இருந்தாலும், உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால் கப்பல் ஏறியதோடு அது முடிந்தது. மகன் வீட்டில் விட்டுவந்த பெட்டியை எடுக்கக்கூடத் திரும்பி வர முடியாது.

ஜெர்மனியிலிருந்து பில்பாவோவுக்கோ மாட்ரிட்டுக்கோ விமானம் பிடியுங்கள். பில்பாவோவிலிருந்து சாந்தாந்தேர் சுமார் 100 கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள். மாட்ரிட்டின் சமார்த்தின் நிலையத்திலிருந்து ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் கடைசிப் பகுதியில் வண்டி மலையிலிருந்து வளைந்து இறங்குவது, 'பேன்யாஸ் அரீபா' படித்தவர்கள் தவறவிடக் கூடாதது. சாந்தாந்தேரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே. அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்தே போகலாம், பத்து நிமிஷம். ஷெங்கனுக்குள் போனாலும் அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும். ஸ்பெயினில் விடுதிக்காரர்கள் அதைப் பார்த்துப் பதிவு செய்யச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். நகல் செல்லாது.

மழை எல்லா மாதமும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் குறைவு, பகல் வெயில் 25 டிகிரியைச் சுற்றி. பெரும்பாலும் நம் குற்றாலச் சாரல் மாதிரி நனைப்பது தெரியாமல் நனைக்கும். குடை வேண்டாம், விரிகுடாக் காற்றில் மடங்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். வெண்கலத்தைப் பார்க்க உச்சிவெயில் உதவாது, முகங்களின் கண்குழியெல்லாம் கருப்படித்துப் போகும். மேகமூட்டமான காலை நல்லது. மழை விட்டு ஈரம் காயாத நேரம் அதைவிட நல்லது, மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஜூனில் இருட்ட ராத்திரி பத்து ஆகிவிடும், அதனால் அவசரமில்லை.

சைவம் கிடைக்குமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

கஷ்டப்பட்டுக் கிடைக்கும். முதலில் நேரம்: மத்தியானச் சாப்பாடு ரெண்டு மணிக்குத் தொடங்கி நாலுக்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள், ராச்சாப்பாடு ஒன்பதுக்குத்தான். நடுவில் பசித்தால் காப்பிக்கடைதான் கதி. 'கொசிதோ மொந்தான்யேஸ்' என்ற அவரைக் கூட்டு பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும். அதற்குள் பன்றிக்கறி கிடக்கும். முட்டை சேர்ப்பவர்களுக்கு உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் உண்டு. 'சொபாவோ' என்ற கேக்கில் வெண்ணெயும் முட்டையும். இவை ரெண்டும் ஆகாது என்றால் வாடகை அடுக்ககத்தில் தங்கிச் சமைத்துக்கொள்வதே நிம்மதி. அரிசி, பருப்பு வகை, காய்கறி சந்தையில் தாராளம். சாம்பார்ப் பொடியும் புளியும் இங்கிருந்து கொண்டுபோங்கள்.

ஸ்பானிஷ் தெரியாது. ஆங்கிலம் ஓரளவு படிப்பேன். போகும் முன் எதைப் படிக்க?
– முதுகலை மாணவர், சங்கரன்கோவில்

'சோத்திலேசா'வுக்கு 1959-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. பல்கலைக்கழக நூலகங்கள் வழியாகத் தேடுங்கள். ஸ்பானிய மூலங்கள் எல்லாம் பதிப்புரிமை முடிந்தவை, பல குட்டன்பர்க் தளத்திலும் மிகெல் தே செர்வாந்தெஸ் மின்நூலகத்திலும் இலவசமாகவே இருக்கின்றன. இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் கதைசொல்லியின் நடை ஓரளவு வரும். மீனவர்களின் உரையாடல் சிதறிப்போகும், ஏனென்றால் பெரேதா அவர்கள் உச்சரித்தபடியே எழுத்தை உடைத்து எழுதியிருக்கிறார். அந்த இடங்களில் நாவலின் கடைசியில் அவரே கொடுத்திருக்கிற வட்டார, கடல்தொழில் சொல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழு நாவல் முடியாது என்றால் 'லா லேவா'வும் 'எல் ராக்கேரோ'வும் போதும். ரெண்டும் சின்னவை, ரெண்டையும் நேரில் வெண்கலத்தில் பார்க்கப் போகிறீர்கள்.

பொலாங்கோவுக்கும், மலை நாவலில் வரும் ஊருக்கும் போவது பிரயோசனமா?
– வங்கி ஊழியர், கோவில்பட்டி

பொலாங்கோவில் அவர் வாழ்ந்த பெரிய வீட்டை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. அவர் அடக்கமானதும் அந்த ஊரில்தான். சாந்தாந்தேரிலிருந்து கபேசோன் தே லா சால் போகும் குறுகிய இருப்புப்பாதை வண்டியில் ரெக்கெஹாதாவில் இறங்கி நடக்கலாம். அரை நாள் வேலை.

ஒரு முழு நாள் கையில் இருந்தால் துதாங்காவுக்குப் போங்கள். 'பேன்யாஸ் அரீபா'வில் வரும் தப்லாங்கா கிராமத்துக்கு மூலம் அதுதான். நாவலில் வரும் பெரிய வீட்டுக்கு முன்மாதிரியான கல்வீடு பிற்பாடு ஹோசே மரியா தே கொசியோ என்ற எழுத்தாளரின் நூலகமாகி, இப்போது அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. பேருந்தை நம்பிப் போகக் கூடாது, வாடகைக் கார் வேண்டும். மலைப்பாதை வளைவுகளால் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும், போக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூடும் நாளையும் திறக்கும் நேரத்தையும் முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

எங்கள் ஊர் வாசகசாலையில், கரிசல் எழுத்தாளர் ஒருவரின் கதைக்காட்சியை பெரேதா சின்னத்தில் உள்ளதுபோல் வெண்கலப் புடைப்பாகச் செய்து வைக்க ஆசை. எப்படித் தொடங்குவது?
– வாசகர் வட்டத்தினர், கழுகுமலை

மனம் நிறைந்த வரவேற்பு. எழுத்தாளரின் மார்பளவுச் சிலை எல்லா ஊரிலும் இருக்கிறது. அவர் படைத்த ஆட்களை வடிப்பது நம் பக்கம் அபூர்வம். இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இடம் முதலில். பொதுச்சாலை, நடைபாதை, சாலையோரம் ஆகியவற்றில் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம், முக்குரோடு என்று திட்டம் போட்டால் அதோடு நின்றுவிடும். வாசகசாலையின் சொந்தச் சுவரே சிறந்த இடம். அப்போதும் கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தை வாங்கி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, என்ன அனுமதி தேவை என்பதை எழுத்திலேயே பெறுங்கள். அடுத்தது கதையின் உரிமை. இந்தியாவில் பதிப்புரிமை, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. கி.ரா. 2021-ல் மறைந்தார் என்றால் 2081 முடியும் வரை. நாட்டுடைமையான படைப்பு என்றால் தடையில்லை, இல்லாவிட்டால் பதிப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதக் கடிதம் வேண்டும்.

அளவு: 90 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் போதும். ஆறு மில்லிமீட்டர் கனத்தில் வெறும் தகடே 28 கிலோ சொச்சம் வரும். உருவங்கள் புடைத்து நிற்பதால் 40 கிலோவுக்குக் கணக்குப் போடுங்கள். விலையை உலோக எடை, மாடல் செய்கிற கூலி, வார்ப்பு, பொருத்துதல் என்று நாலாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். கலவை செம்பு 85, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, ஈயம் 5 என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 'வெண்கலம்' என்று மட்டும் எழுதினால் துத்தநாகம் கூடிய பித்தளை வந்து சேரும். களிமண் மாடல் முடிந்ததும் கட்டாயம் நேரில் போய்ப் பாருங்கள், திருத்தம் செய்ய அதுவே இடம். மெழுகுக்கு மாறிய பின் சின்னத் திருத்தம்தான் முடியும், வார்த்த பின் எதுவும் முடியாது. கரிசல் கதை என்றால் ஏர், கமலை, மாட்டின் கொம்பு, பெண்கள் சேலை கட்டும் விதம், தலைப்பாகை எல்லாவற்றையும் அந்த வேலை தெரிந்த பெரியவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சிற்பி வேறு வட்டாரத்துக்காரராக இருந்தால் கமலையின் வடமும் வால்கயிறும் இடம் மாறிப்போகும். ஊர்க்காரர்கள் முதலில் கண்டுபிடிப்பதும் அதைத்தான்.

சுவரில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.3 மீட்டரில் வரட்டும். பள்ளிப் பிள்ளைகளும் நேராகப் பார்க்கலாம். இரும்புப் போல்ட்டு கூடவே கூடாது. இரும்பும் வெண்கலமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடித்து, பருத்து, கல்லைப் பிளக்கும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் 12 மி.மீ. போல்ட்டு குறைந்தது ஆறு, இடையில் நைலான் உறை. தகட்டுக்கும் சுவருக்கும் ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டால் மழைநீர் தங்காமல் இறங்கும். கீழ்விளிம்பு கொஞ்சம் முன்தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சைக் கறை சுவரில் வழியும்.

தனிச்சுவர் எழுப்புவதாக இருந்தால் மண்ணைக் கவனியுங்கள். கரிசல் மண் மழையில் பருத்துக் கோடையில் வெடிக்கும். ரெண்டடி வானம் தோண்டிக் கட்டிய சுவர் மூன்றாம் வருஷம் குறுக்கே கீறும். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறுகிற ஆழத்தைத் தாண்டி அஸ்திவாரம் போக வேண்டும். ஆழக் கரிசலில் 3.5 மீட்டருக்குக் குறையாத அண்டர் ரீம்டு பைல் (அடிப்பகுதி குமிழாக அகன்ற கான்கிரீட் தூண்) என்று பொறியாளர்கள் சொல்வது இதற்காகத்தான். அந்தச் செலவுக்கு வழி இல்லை என்றால் ஏற்கெனவே நின்று நிலைத்த வாசகசாலைச் சுவரே உத்தமம்.

வைத்த பிறகுதான் உண்மையான ஆபத்து. நல்ல மனசோடு வருகிறவர்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவார்கள். வெண்கலத்தின் மேல் பழுப்பாக, கருமையாகப் படிந்திருப்பது அழுக்கு அல்ல, அது உலோகத்தைக் காக்கிற மேல்பூச்சு. புளி அதை அரித்து எடுத்துவிட்டால் அடுத்த மழையில் திட்டுத்திட்டாகப் பச்சை பிடிக்கும். நல்ல தண்ணீர், மென்மையான தூரிகை, தேவைப்பட்டால் துளி சோப்பு, பிறகு ஈரம் போகத் துடைத்து வருஷத்துக்கு ரெண்டு தடவை மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகு. தங்க வண்ணப் பூச்சு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பூச்சும் முகத்தின் கோடுகளை மூடிக்கொண்டே போகும், பத்து வருஷத்தில் யார் என்றே தெரியாது. பால் ஊற்றுவதும் கூடாது, இடுக்கில் தங்கிப் புளித்து அதே கெடுதலைச் செய்யும். பிறந்தநாளுக்கு மாலை போடாமல் ஊர் விடாது என்பதால், புடைப்புக்கு மேலே சுவரில் ஒரு சாண் தள்ளி ரெண்டு எஃகுக் கொக்கிகளை முதலிலேயே பதித்துவிடுங்கள். மாலை அதில் தொங்கட்டும், சாயங்காலமே கழற்றிவிட ஒருவரைப் பொறுப்பாக நியமித்துவிடுங்கள்.